நின்ற பிறகும் ஓயாத ‘உஸ்’, மறுபடி ஓடும்போது உறுமல்: வீட்டுக் கம்ப்ரசர் பராமரிப்பு

#1 · சிறுபட்டறை

24 லிட்டர் டேங்க், 1.5 எச்பி, ஆயில் ஊற்றும் வகை, மோட்டாரோடு நேரடியாக இணைந்த ஹெட் (காற்றை அமுக்கும் பகுதி). கட்-ஆஃப், அதாவது மோட்டார் தானாக நிற்பது, 8 பார், திரும்ப ஓடத் தொடங்குவது 6 பார். இப்போது இருக்கும் குறைகள்:

மோட்டார் நின்றதும் பிரஷர் ஸ்விட்சுக்கு அடியிலிருந்து வரும் ‘உஸ்’ நிற்பதே இல்லை, டேங்க் 6 பாருக்கு இறங்கும்வரை வருகிறது. மறுபடி ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் உறுமுகிறது, சில நேரம் ஓவர்லோடு பட்டன் விழுந்துவிடுகிறது. டேங்கின் அடியிலுள்ள டிரெய்ன் வால்வைத் திறந்தால் பழுப்புத் தண்ணீர். ஆயில் கண்ணாடியில் பால் கலந்தது போல் வெளுப்பு. காலி டேங்க் 8 பாருக்கு ஏற முன்பு 2 நிமிடம் ஆனது, இப்போது 4 நிமிடம் 10 விநாடி.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? ஸ்விட்சையே மாற்றிவிடலாமா?

#2 · வால்வுத்தட்டு

ஸ்விட்சை மாற்றாதீர்கள், அது சரியாகத்தான் வேலை செய்கிறது. சத்தம் அங்கே கேட்கிறதே தவிர குறை வேறு இடத்தில்.

ஹெட்டிலிருந்து டேங்குக்குப் போகும் சூடான குழாய் டேங்கில் இறங்கும் இடத்தில் பித்தளையில் ஒரு என்ஆர்வி இருக்கும். ஒருவழி வால்வு. டேங்குக்குள் போன காற்று ஹெட்டுக்குத் திரும்பாமல் தடுப்பது அதன் வேலை. அதன் பக்கவாட்டிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பிரஷர் ஸ்விட்சின் அடியிலுள்ள அன்லோடருக்குப் போகும். மோட்டார் நிற்கும் நொடியில் அன்லோடர் திறந்து, ஹெட்டிலும் சூடான குழாயிலும் தேங்கிய காற்றை வெளியே விடும். அதுதான் நீங்கள் கேட்கும் ‘உஸ்’. நல்ல நிலையில் 2 முதல் 5 விநாடிக்குள் அடங்கிவிடும்.

அடங்காமல் தொடர்ந்தால் டேங்கில் உள்ள காற்றே என்ஆர்வி வழியாகப் பின்னோக்கி வந்து அன்லோடரில் வெளியேறுகிறது என்று பொருள். அதாவது என்ஆர்வி சரியாக மூடவில்லை. உறுமலும் இதனால்தான். பிஸ்டனின் தலைக்கு மேலே காற்று அழுத்திக்கொண்டிருக்க, மோட்டார் அதை எதிர்த்துக் கிளம்ப வேண்டியிருக்கிறது. சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்குக் கிளம்பும் வலு குறைவு. உறுமி நிற்கும், சூடாகும், ஓவர்லோடு விழும்.

மூன்று விதமாகக் கேட்டுப் பாருங்கள்:

நின்ற பிறகு தொடர்ந்து ‘உஸ்’ என்றால் என்ஆர்வி.
ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘உஸ்’ என்றால் அன்லோடர் வால்வின் சீட் அல்லது ஓ-ரிங்.
நிற்கும்போது ‘உஸ்’ வரவே இல்லை என்றால் அன்லோடரின் ஊசி திறக்கவில்லை, அல்லது மெல்லிய குழாய் அடைத்திருக்கிறது.

#3 · சுருள்கம்பி

வால்வுத்தட்டு அண்ணன் சொன்னது சரி. ஆனால் கழற்றுவதற்கு முன் ஒரு நிமிடச் சோதனை ஒன்று உண்டு. டேங்கை முழுதாகக் காலி செய்து, டிரெய்ன் வால்வைத் திறந்தே வைத்து மோட்டாரை ஓட்டுங்கள்.

காலி டேங்கில் சட்டென்று கிளம்பினால் குறை காற்றுப் பக்கம், அதாவது என்ஆர்வி அல்லது அன்லோடர். காலி டேங்கிலும் உறுமினால் குறை மின்சாரப் பக்கம் அல்லது இயந்திரப் பக்கம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிஸ்டன் மேலே வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் இறுக்கம் இருக்கும். சுற்றவே வரவில்லையென்றால் பேரிங் அல்லது பிஸ்டன் பிடித்துவிட்டது. எளிதாகச் சுற்றினால் கெப்பாசிட்டரையும் ஒயரையும் சந்தேகப்படலாம்.

கெப்பாசிட்டர் மேல் உள்ள மைக்ரோஃபாரட் எண்ணையும் அதன் பக்கத்தில் உள்ள கூட்டல் கழித்தல் சதவீதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அளந்தால் அந்த எல்லைக்குள் வர வேண்டும். 30 மைக்ரோஃபாரட், 5 சதவீதம் என்று போட்டிருந்தால் 28.5க்குக் கீழே வந்தது போனதுதான். அளப்பதற்கு முன் மின்தடை ஒன்றின் வழியாகச் சார்ஜை இறக்கிவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முனையையும் தொட்டு ‘டப்’ என்று வெடிக்கவைக்கும் பழக்கம் கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும். மாற்றும்போது புதியதன் வோல்ட் எண் பழையதைவிடக் குறையக் கூடாது.

எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டிருக்கிறீர்களா? எத்தனை மீட்டர், எத்தனை சதுர மில்லிமீட்டர்?

#4 · சிறுபட்டறை

காலி டேங்கில் உடனே கிளம்புகிறது. ஃபேன் கையால் எளிதாகச் சுற்றுகிறது. ஒயர் 20 மீட்டர், 1 சதுர மி.மீ., ரீலில் சுற்றியபடியே இருக்கிறது.

#5 · சுருள்கம்பி

அந்த ஒயரும் உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. 1 சதுர மி.மீ. தாமிரக் கம்பியில் ஒரு ஆம்பியர் ஒரு மீட்டர் போனால் போக வர இரு கம்பிகளிலும் சேர்த்து சுமார் 44 மில்லிவோல்ட் இழப்பு. கிளம்பும் நொடியில் மோட்டார் 40 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 20 × 40 × 0.044 = 35 வோல்ட். சாக்கெட்டில் 230 இருந்தாலும் மோட்டாருக்குக் கிடைப்பது 195. மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதால், கிளம்பும் வலுவில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. 2.5 சதுர மி.மீ. ஒயரில் இதே கணக்கு 14 வோல்டோடு நின்றுவிடும்.

ரீலில் சுற்றியபடி ஓட்டாதீர்கள். சூடு வெளியேற வழியில்லாமல் உள்சுற்று ஒயரின் உறை உருகும்.

இன்னும் நல்ல வழி, கம்ப்ரசரைச் சுவர் சாக்கெட்டிலேயே நேராகச் செருகி, ஏர் ஹோஸை நீளமாக்குவது. தூரம் போக வேண்டியது காற்று, மின்சாரம் அல்ல. 10 மீட்டருக்கு மேல் போனால் 8 மி.மீ. உள்விட்டம் உள்ள ஹோஸ் போடுங்கள். மெல்லிய சுருள் ஹோஸில் நட் கழற்றும் கருவி போட்டால் அழுத்தம் விழும்.

#6 · வால்வுத்தட்டு

சரி, என்ஆர்வி. பிளக்கைப் பிடுங்குங்கள். டேங்க் அழுத்தம் முழுப் பூஜ்யம். மானி பூஜ்யம் காட்டுகிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம், டிரெய்ன் வால்வு திறந்திருந்து ஒரு சொட்டுக் காற்றும் வராமல் இருக்க வேண்டும். சூடான குழாய் ஆற அரை மணி விடுங்கள். ஓடி நின்ற உடனே தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் மெல்லிய குழாயின் நட், பிறகு சூடான குழாயின் நட். கழற்றும்போது இரண்டு ஸ்பேனர். ஒன்று என்ஆர்வி உடம்பைப் பிடித்துக்கொள்ள, மற்றது நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் விசை முழுதும் டேங்கில் பற்றவைத்த சாக்கெட்டுக்குப் போகும். அங்கே வெல்டிங் விரிந்தால் டேங்கே போயிற்று.

மேலே உள்ள அறுகோண மூடியைத் திறந்தால் ஒரு ஸ்பிரிங், அதற்குக் கீழே சிறு தட்டு. ரப்பர், வைட்டான் (சூடு தாங்கும் ரப்பர்), டெஃப்லான் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தட்டின் கீழ்முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சீட்டின் விளிம்பு பதிந்து வளையம் போல் பள்ளம் விழுந்திருக்கும். அல்லது கடுகளவு கரித்துண்டு ஒன்று நடுவில் ஒட்டியிருக்கும். அந்த ஒரு துண்டு போதும், இரவு முழுக்க டேங்க் இறங்க.

கரி என்றால் துணியால் துடைத்தால் தீர்ந்தது. சீட்டின் விளிம்பை எமரித் தாளால் தேய்க்காதீர்கள், கீறல் விழுந்தால் நிரந்தர ஒழுக்கு. தட்டு இருபுறமும் தட்டையாக இருந்தால் தற்காலிகமாகத் திருப்பிப் போடலாம். பள்ளம் ஆழமாக இருந்தால் மாற்ற வேண்டியதுதான். மூடியில் வாஷர் இருந்தால் அதையும் புதிதாகப் போடுங்கள்.

திரும்ப மாட்டும்போது, டேங்க் சாக்கெட்டுக்குப் போகும் மரை கூம்பு மரையாக இருந்தால் மட்டும் டெஃப்லான் டேப். முனையிலிருந்து பார்க்கக் கடிகாரத் திசையில் 2 அல்லது 3 சுற்று, முதல் மரையை விட்டுவிட்டு. மெல்லிய குழாய் நட்டிலும் சூடான குழாய் நட்டிலும் டேப் வேண்டவே வேண்டாம். அங்கே காற்றை அடைப்பது குழாய் முனையில் உள்ள வளையம், மரை அல்ல. சுற்றிய டேப்பின் பிசிறு பிய்ந்து இதே என்ஆர்வி தட்டின் அடியில்தான் போய் உட்காரும்.

#7 · ஈரக்காற்று

பழுப்புத் தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு இந்தப் பட்டியலில் அதுதான் பெரிய விஷயம். மற்ற எல்லாம் மாற்றக்கூடிய பாகங்கள். டேங்க் மட்டும் மாற்றும் பாகமும் அல்ல, பழுதுபார்க்கும் பாகமும் அல்ல.

தண்ணீர் எவ்வளவு சேருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் அதில் 21 கிராம் இருக்கிறது. அந்த ஒரு கன மீட்டரை மானியில் 8 பாருக்கு, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து 9 பாருக்கு அமுக்கினால் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆறி 30 டிகிரிக்கு வந்தபின் அவ்வளவு சிறிய இடத்தில் 3.4 கிராமுக்கு மேல் ஆவியாக நிற்க முடியாது. மீதி 17 கிராமுக்குமேல் தண்ணீராக டேங்கின் அடியில் விழுந்தாக வேண்டும்.

24 லிட்டர் டேங்கை ஒருமுறை நிரப்ப 192 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போகிறது. ஒரு நிரப்பலுக்கு 3 மில்லி தண்ணீர். நிமிடத்துக்கு 100 லிட்டர் தரும் கம்ப்ரசரை ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓட்டினால் 100 மில்லி, ஒரு தேநீர்க் கோப்பை அளவு. மழைக்காலத்தில் இன்னும் கூடும்.

ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் டிரெய்ன் பண்ணுங்கள். மோட்டாரை நிறுத்தி, அழுத்தம் 1 அல்லது 2 பார் இருக்கும்போது டிரெய்ன் வால்வைக் கால் சுற்று மட்டும் திறங்கள். டேங்கை அந்தப் பக்கம் லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் நின்று வெறும் காற்று வந்தபின் வால்வை முழுதும் திறந்து பூஜ்யத்துக்கு விட்டுவிடுங்கள். 8 பாரில் திறந்தால் துருவும் தண்ணீரும் முகத்தில் அடிக்கும், வால்வின் சீட்டும் அரிக்கும்.

வெளிவரும் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். தேநீர் நிறத்தில் லேசான பழுப்பு என்றால் மேற்பரப்புத் துரு மட்டும். கிண்ணத்தின் அடியில் செதில் செதிலாகத் தகடு உதிர்ந்திருந்தால் டேங்க் மெலிந்துகொண்டிருக்கிறது. டிரெய்ன் வால்வை முழுதாகக் கழற்றி, அந்தத் துளை வழியாக மெல்லிய கேமரா விட்டு அடிப்பாகத்தைப் பாருங்கள். குழிக் குழியாக அரித்திருந்தால், வெளியே அடியில் பெயிண்ட் கொப்பளித்திருந்தால், அதை மேலும் ஓட்ட வேண்டாம்.

#8 · நட்டுமரை

டேங்கில் ஊசித் துளை விழுந்தால் எபாக்ஸி வைத்து அடைக்கலாம் அல்லவா? ஒரு பொட்டு வெல்டிங் வைத்தாலும் போதும் என்கிறார்களே.

#9 · ஈரக்காற்று

வேண்டாம். ஊசித் துளை தெரிகிற இடத்தில் மட்டும் தகடு மெலிந்திருக்காது. சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு காகிதமாகியிருக்கும், அதில் முதலில் கிழிந்த இடம்தான் அந்தத் துளை. எபாக்ஸி துளையை அடைக்கும், தகட்டுக்கு வலு தராது. மெலிந்த தகட்டில் வெல்டிங் வைத்தால் சுற்றியுள்ள பகுதி இன்னும் பலவீனமாகும், உள்ளே ஆயில் படலம் இருந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

24 லிட்டர் டேங்கில் 8 பாரில் அடைபட்ட ஆற்றல் சுமார் 28 கிலோஜூல். ஒரு டன் எடையை ஏறக்குறைய 3 மீட்டர் உயரம் தூக்கப் போதுமான ஆற்றல். அது மெல்ல வெளியே வந்தால் டயருக்குக் காற்று. ஒரே நொடியில் வந்தால் டேங்க் கிழிந்து பறக்கும்.

அதனால்தான் டேங்கைச் சோதிப்பவர்கள் காற்றால் சோதிப்பதில்லை. உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல் தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் இயங்கு அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றுவார்கள். தண்ணீர் அமுங்காது, அதனால் டேங்க் விரிந்தாலும் ஒழுகுமே தவிர வெடிக்காது. இந்தச் சோதனையை அதற்கான கருவி உள்ள இடத்தில் செய்துகொள்ளுங்கள்.

ஓட்டை விழுந்த டேங்கைத் தூக்கிப்போடும்போது பெரிய துளை போட்டுவிடுங்கள், வேறு யாரும் எடுத்து ஓட்டாதபடி.

#10 · பித்தளைநட்

ஒரு மாற்றுக் கருத்து. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்யாமல், தண்ணீரை மட்டும் விட்டுவிட்டு 2, 3 பார் அழுத்தத்தில் மூடி வைப்பதுதான் நல்லது என்பேன். திறந்து வைத்தால் வெளி ஈரக்காற்று உள்ளே போய்த் துருப்பிடிக்கும்.

#11 · ஈரக்காற்று

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் கணக்கு நேர் எதிராக வருகிறது. 8 பாருக்கு அமுக்கி ஆறவைத்த காற்று பெரும்பாலும் நூறு சதவீத ஈரப்பதத்தில் இருக்கும். அடியில் தண்ணீர் நிற்பதே அதற்குச் சாட்சி. அந்தக் காற்றை எவ்வளவு அழுத்தத்தோடு மூடி வைக்கிறீர்களோ அவ்வளவு ஈரம் இரவெல்லாம் டேங்குக்குள்ளேயே நிற்கும்.

அதே காற்றை 8 பாரிலிருந்து வெளி அழுத்தத்துக்கு விரியவிட்டால், தண்ணீரை முன்பே வெளியேற்றியிருந்தால், உள்ளே மிஞ்சும் காற்றின் ஈரப்பதம் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 11 சதவீதம் அளவுக்கு விழும். அறைக் காற்றைவிட அதுதான் வறண்டது. சுவரில் ஒட்டிய ஈரப் படலத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். அதனால் முழுதும் காலி, டிரெய்ன் வால்வு திறந்தபடி. டிரெய்ன் வால்வு டேங்கின் மிகத் தாழ்ந்த இடமாக இருக்கும்படி இயந்திரத்தை நிறுத்துங்கள், அது இன்னும் முக்கியம்.

#12 · பித்தளைநட்

விரியும்போது ஈரப்பதம் குறையும் என்பதை யோசிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஹோஸுக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் கைப்பிடியையும் தளர்த்தி வையுங்கள் என்று சேர்த்துக்கொள்கிறேன். ஸ்பிரிங் இறுகிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் டயாஃப்ரம் ஒருபக்கமாக இழுபட்டுவிடும். அழுத்தம் வைக்கும்போதும் எப்போதும் கீழிருந்து மேலே. 4 பார் வேண்டும், இப்போது 5 இருக்கிறது என்றால் 3க்கு இறக்கி, காற்றைக் கொஞ்சம் வெளியே விட்டு, பிறகு 4க்கு ஏற்றுங்கள்.

#13 · கரிப்படலம்

ஆயில் வெளுப்புக்கு வருகிறேன். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எப்போதும் கொஞ்சம் காற்று கிராங்க்கேஸுக்குள் (பிஸ்டனுக்குக் கீழே ஆயில் இருக்கும் பெட்டி) இறங்கும். அந்தக் காற்றில் ஈரம் இருக்கும். ஆயில் நன்றாகச் சூடாக இருந்தால் ஈரம் ஆவியாகி, கிராங்க்கேஸின் மூச்சுக்குழாய் வழியே வெளியேறிவிடும். இரண்டு நிமிடம் ஓட்டுவது, டயருக்குக் காற்று, நிறுத்துவது என்று மட்டும் பயன்படுத்தினால் ஆயில் சூடேறவே வாய்ப்பில்லை. ஈரம் உள்ளேயே தண்ணீராகி ஆயிலோடு கடைபடும். வெளுத்த ஆயில் பேரிங்கையும் கனெக்டிங் ராடையும் காப்பாற்றாது.

மாற்றும் முறை: 5 நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். பிளக்கைப் பிடுங்கி, டேங்கைக் காலி செய்யுங்கள். கிராங்க்கேஸின் அடி போல்ட்டைக் கழற்றி, அந்தப் பக்கம் லேசாகச் சாய்த்து 10 நிமிடம் வடியவிடுங்கள். வெளுத்திருந்தால் புதிய ஆயிலைக் கொஞ்சம் ஊற்றி, டிரெய்ன் வால்வைத் திறந்தபடி 10 நிமிடம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். இந்த அளவு ஹெட்டுக்குப் பெரும்பாலும் 150 முதல் 250 மில்லிக்குள் அடங்கும். அளவைக் கண்ணாடியில் உள்ள சிவப்புப் புள்ளிதான் முடிவு செய்யும், புட்டி அல்ல. சமதளத்தில் நிறுத்தி, ஆயில் மட்டம் புள்ளியின் நடுவில் வர வேண்டும். அதற்கு மேல் ஊற்றினால் உபரி ஆயில் ரிங்கைத் தாண்டி மேலே ஏறி, வால்வில் கரியாகும், டேங்கிலும் போகும்.

புதுக் கம்ப்ரசருக்கு முதல் மாற்றம் சீக்கிரம், கையேட்டில் உள்ள மணிக்கணக்குப்படி, பெரும்பாலும் 20 முதல் 50 மணிக்குள். புதிய ரிங் தேய்ந்து வரும் இரும்புத் துகள் அதில் இருக்கும். பிறகு 200, 300 மணிக்கு ஒருமுறை, ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை.

வெளுப்பு திரும்ப வராமல் இருக்க, வாரம் ஒருமுறை அவுட்லெட்டைக் கொஞ்சம் திறந்துவைத்து 15 நிமிடமாவது சுமையோடு ஓட்டுங்கள்.

#14 · நட்டுமரை

பைக்குக்கு வாங்கிய 20டபிள்யூ-40 ஆயில் மீதி இருக்கிறது. அதை ஊற்றினால் என்ன ஆகும்? எல்லாம் ஆயில்தானே.

#15 · கரிப்படலம்

ஒரு நாளில் ஒன்றும் ஆகாது, அதனால்தான் பலர் ஊற்றுகிறார்கள். என்ஜின் ஆயிலில் கரியையும் அழுக்கையும் தன்னோடு மிதக்கவைக்கும் டிடர்ஜென்ட் சேர்க்கை உண்டு. என்ஜினில் ஃபில்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சின்னக் கம்ப்ரசரில் ஆயில் ஃபில்டரே கிடையாது. அதே சேர்க்கை தண்ணீரையும் பிரியவிடாமல் ஆயிலோடு கட்டிவைக்கும், நீங்கள் பார்க்கும் வெளுப்பு இன்னும் வேகமாக வரும். மல்டிகிரேடில் உள்ள பாலிமர் சேர்க்கை சூடான வால்வுத் தட்டில் பட்டுக் கரியாகப் படியும்.

தேவை ஐஎஸ்ஓ விஜி 100 கம்ப்ரசர் ஆயில். கையேடு அனுமதித்தால் டிடர்ஜென்ட் இல்லாத எஸ்ஏஇ 30. சிந்தெட்டிக்குக்கு மாறினால் பழையதை முழுக்க வடித்துவிட்டு மாறுங்கள், கலக்காதீர்கள்.

எடுத்துச் செல்லும்போது ஆயில் வகைக் கம்ப்ரசரைப் படுக்கவைக்காதீர்கள், ஆயில் மூச்சுக்குழாய் வழியாகவும் சிலிண்டருக்குள்ளும் போகும். தவறிப் படுத்துவிட்டால் நிமிர்த்தி வைத்து நேரம் கொடுத்து, ஃபேனைக் கையால் சில சுற்று சுற்றி, ஆயில் மட்டம் பார்த்துவிட்டுத்தான் ஸ்விட்ச்.

#16 · வால்வுத்தட்டு

நிரம்பும் நேரம் இரண்டு மடங்கானது தனிக் கேள்வி. என்ஆர்வி ஒழுகுவது நின்ற பிறகு காற்றை இழக்கவைக்கும், ஆனால் ஓடும்போது நிரம்பும் வேகத்தைப் பாதிக்காது. எனவே வேறொன்றும் இருக்கிறது.

முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு நிரப்பல் மட்டும் நேரம் பாருங்கள். நேரம் நன்றாகக் குறைந்தால் ஃபில்டர்தான். ஸ்பாஞ்சு என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி முழுதும் காயவைத்துப் போடுங்கள். காகிதம் என்றால் உட்புறத்திலிருந்து வெளியே மெல்ல ஊதுங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள். அடைத்த ஃபில்டர் நேரத்தை மட்டுமா தின்கிறது? உள்ளே வரும் காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதே 8 பாருக்கு அமுக்கும்போது வெளிவரும் காற்றின் சூடு கணக்குப்படி 295லிருந்து 312 டிகிரிக்குப் போகும். விசிறியும் தகடுகளும் இழுத்துக்கொள்வதால் நிஜத்தில் இவ்வளவு இருக்காது, ஆனால் கூடுவது கூடும். வால்வில் கரி படிவது அந்தச் சூட்டில்தான்.

ஃபில்டர் இல்லாமலும் 4 நிமிடம் என்றால், ஓடும்போது காற்று உள்ளே போகும் துளைக்கு முன்னால் உள்ளங்கையை இரண்டு விரல்கடை தள்ளிப் பிடியுங்கள். இழுப்பு மட்டும் தெரிய வேண்டும். ‘புஸ் புஸ்’ என்று காற்று திரும்ப அடித்தால் இன்டேக் ரீட் (காற்றை உள்ளே விடும் மெல்லிய வால்வுப் பட்டை) சரியாக மூடவில்லை. திரும்ப அடிக்கவில்லை, ஆனால் ஹெட் வழக்கத்தைவிடக் கொதிக்கிறது என்றால் டெலிவரி ரீட் (அமுக்கிய காற்றை வெளியே விடும் பட்டை) அல்லது நடு கேஸ்கெட். அமுக்கிய சூடான காற்றே திரும்பத் திரும்ப உள்ளே வந்து சுழல்கிறது. மூச்சுக்குழாயில் புகை போல் ஆயில் ஆவி வேகமாக வந்தால் ரிங் தேய்ந்துவிட்டது.

#17 · சிறுபட்டறை

என்ஆர்வி திறந்தேன். தட்டில் வளையப் பள்ளமும் இருந்தது, கரித்துண்டும் இருந்தது. துடைத்துத் திருப்பிப் போட்டதில் ‘உஸ்’ 3 விநாடியில் நின்றுவிடுகிறது. நேராகச் சுவர் சாக்கெட்டில் போட்டதும் உறுமல் இல்லை. ஃபில்டர் இல்லாமல் நிரம்பும் நேரம் 2 நிமிடம் 50 விநாடி. இன்டேக்கில் ‘புஸ் புஸ்’ லேசாகத் தெரிகிறது.

ஒரு சந்தேகம். மோட்டார் நின்றபின் 8 பார் இருந்தது, 20 நிமிடத்தில் 7.3 ஆகிவிட்டது. இன்னும் எங்கோ ஒழுகுகிறதா?

#18 · ஈரக்காற்று

அது பெரும்பாலும் ஒழுக்கு அல்ல, ஆறுதல். டேங்கில் போன காற்று 60 டிகிரியில் இருந்து 30க்கு ஆறினால், 8 பார் தானாகவே 7.2 பாருக்கு இறங்கும், ஒரு குமிழி வெளியே போகாமல். அதனால் ஒழுக்குச் சோதனையை ஆறிய பிறகுதான் தொடங்க வேண்டும். அரை மணி விட்டு அளவைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி கழித்து மறுபடி பாருங்கள். அந்த ஒரு மணியில் 0.1, 0.2 பார் இறங்கினால் விட்டுவிடலாம். அரை பாருக்கு மேல் என்றால் சோப்புத் தண்ணீரோடு கப்ளர் (ஹோஸ் மாட்டும் இணைப்பு), மானியின் மரை, ரெகுலேட்டர் தொப்பி, டிரெய்ன் வால்வு, சேஃப்டி வால்வு, என்ஆர்வி மூடி, இந்த வரிசையில் பூசிப் பாருங்கள். கப்ளர்தான் அதிகம் அகப்படும். ஸ்விட்சின் மின்பகுதிக்குள் சோப்புத் தண்ணீர் போகக் கூடாது.

#19 · வால்வுத்தட்டு

2:50 என்றால் மீதி 50 விநாடி வால்வுத் தட்டில் இருக்கிறது. ஹெட்டைத் திறக்கலாம், கடினமில்லை. புதிய கேஸ்கெட் செட் கையில் இல்லாமல் திறக்காதீர்கள். பழைய கேஸ்கெட் திரும்ப உட்காராது. அட்டையில் வெட்டிப் போடும் கேஸ்கெட் அந்தச் சூட்டில் சில நாளில் கருகும்.

சூடான குழாயைக் கழற்றி, ஹெட் போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். ஹெட், கேஸ்கெட், வால்வுத் தட்டு, ரீட், கேஸ்கெட், சிலிண்டர் என்ற அடுக்கைக் கழற்றும்போதே படம் எடுத்துவையுங்கள். ரீட் என்பது விரல்நகம்போல் மெல்லிய ஸ்டீல் பட்டை. கரி படிந்து அது தட்டோடு படியாமல் நிற்பதுதான் ‘புஸ் புஸ்’. மண்ணெண்ணெயில் ஊறவைத்து மரக்குச்சியால் சுரண்டுங்கள், கம்பி பிரஷ் வேண்டாம். ரீட்டைத் தட்டில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கோடு போல் வெளிச்சம் தெரியக் கூடாது. வளைந்திருந்தால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள், மாற்றுங்கள். நிமிர்த்திய ரீட் அந்த இடத்திலேயே முறிந்து சிலிண்டருக்குள் விழும்.

பழைய கேஸ்கெட்டின் மிச்சத்தை முழுதும் எடுத்து, உலர்ந்த முகத்தில் புதியதை வையுங்கள். போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் மூன்று தவணையாக இறுக்குங்கள். கையேட்டில் எண் இருந்தால் அதுவே. இல்லாவிட்டால் அலுமினியத்தில் எம்6 போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். ஒருமுறை சூடாகி முழுதும் ஆறியபின் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

#20 · தெருவிளக்கு

என்னுடையது ஆயில் ஊற்றாத வகை. இதில் எதெல்லாம் பொருந்தும்?

#21 · கரிப்படலம்

ஆயில் பகுதி தவிர எல்லாம். அதில் பிஸ்டனின் தலையில் டெஃப்லான் கலந்த கப் போன்ற ஒரு சீல் இருக்கும், உயவு அதிலேயே உள்ளது. சத்தம் குறையட்டும் என்று உள்ளே ஒரு சொட்டு ஆயிலும் விடாதீர்கள். சீல் தேய்ந்த கரிய பொடியோடு ஆயில் சேர்ந்து அரைக்கும் பசையாகி, சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். சீலும் சிலிண்டர் குழலும் ஒன்றாகத்தான் தேயும், மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

இந்த வகைக்கு எதிரி சூடு. தகட்டில் 50 சதவீத ஓட்டம் என்று போட்டிருந்தால் 5 நிமிடம் ஓடினால் 5 நிமிடம் ஓய்வு. சாண்டர், பெயிண்ட் கன் போன்ற காற்று குடிக்கும் கருவிகளை மாட்டினால் மோட்டார் நிற்கவே நிற்காது, சீல் அங்கேதான் போகும். 12 வோல்ட் டயர் பம்புகளுக்கும் இதே விதி. 10 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் ஆறவிடுங்கள், வண்டி என்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும், சாக்கெட் ஃபியூஸ் அந்தப் பம்பின் ஆம்பியரைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

#22 · சுருள்கம்பி

சேஃப்டி வால்வை யாரும் தொடவில்லை. மாதம் ஒருமுறை, டேங்கில் பாதி அழுத்தம் இருக்கும்போது, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வளையத்தை ஒரு நொடி இழுத்து விடுங்கள். ‘பட்’ என்று அடித்து உடனே மூட வேண்டும். மூடாமல் கசிந்தால் இன்னொரு முறை இழுத்தால் தூசி பறந்து மூடிக்கொள்ளும். அப்படியும் கசிந்தால் அதே பார் எண் பொறித்த புதியது. இறுக்கியோ அடைத்தோ வைக்காதீர்கள். கட்-ஆஃபை ஏற்றுவதற்காகப் பிரஷர் ஸ்விட்சின் பெரிய ஸ்பிரிங் நட்டைத் திருகவும் வேண்டாம். அந்த டேங்க் 8 பாருக்குச் செய்தது.

பிரஷர் ஸ்விட்ச் ஒவ்வொரு முறையும் உள்ளே பொறி விடும். தின்னர், பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் கம்ப்ரசரை வைக்காதீர்கள்.

#23 · சிறுபட்டறை

கேஸ்கெட் செட் கிடைத்துவிடும். என்ஆர்வி தட்டு தனியாகக் கிடைக்குமா, அல்லது முழு என்ஆர்வி வாங்க வேண்டுமா? பழையதில் எதை அளந்து சொல்ல வேண்டும்?

#24 · வால்வுத்தட்டு

தட்டு தனியாகக் கிடைத்தால் விட்டம், கனம் இரண்டையும் வெர்னியரில் அளந்து சொல்லுங்கள். கனத்தைப் பள்ளம் விழாத ஓரத்தில் அளக்க வேண்டும். வைட்டான் கேளுங்கள். சாதாரண ரப்பர் அந்தச் சூட்டில் கல்லாக இறுகிவிடும்.

முழு என்ஆர்வி என்றால் மூன்று மரை: டேங்க் பக்கம், சூடான குழாய் பக்கம், மெல்லிய குழாய் பக்கம். மெல்லிய குழாய் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது என்பதையும் பாருங்கள், நேர் எதிராக அமைந்தால் குழாயை வளைத்து மாட்ட வேண்டிவரும், அங்கே முறியும். பழையதையே கையில் எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டு வாங்குவதுதான் குழப்பமில்லாத வழி.